நிமிடத்துக்கு நாலு மூச்சு

மரம் அறுக்கும் மில்லின் பின்சுவரை ஒட்டி வீடு இருந்தால் பிள்ளைகள் எப்படி வளரும் என்று யாராவது கேட்டால், தயங்காமல் அவளைக் காட்டிவிடலாம். காலை ஏழு மணிக்கு ரம்பம் ஓட ஆரம்பித்தால் மாலை ஆறு வரை அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்பதைக்கூடத் ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தித்தான் கேட்க வேண்டும். அப்பா அதே மில்லில் ரம்பத்துக்கு மரம் தள்ளுகிறவர். பாதிக் காதை மில்லுக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. அம்மா ரகசியம் பேசினால் மூன்றாவது வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் குடும்பத்திலேயே 'வாயில்லாப் பூச்சி' என்று பெயர் வாங்கியவள் அவள். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆளும் அவள்தான். நர்சிங் கல்லூரிக்கு வந்த மூன்றாம் வாரத்தில் அந்த வாயில்லாப் பூச்சிக்கு 'சைரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் வந்த கதை இதுதான். ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர் தூக்கக் கலக்கத்தில் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டார். வெள்ளை விரிப்பில் ரத்தம் சொட்டியது. அவள் பார்த்தாள். அவ்வளவுதான். கீழே மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு வண்டியைப் பார்த்து ஓடினார்.

“சாவியே என் பாக்கெட்லதான் இருக்கு, இது எப்படிக் கத்துது?” என்று அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். மேலே, ரத்தம் சொட்டிக்கொண்டிருந்த பெரியவரே பயந்துபோய் எழுந்து உட்கார்ந்து, “ஒண்ணுமில்லம்மா, எனக்கு ஒண்ணுமே இல்ல, நீ முதல்ல தண்ணி குடி” என்று தன் சொம்பை அவளிடம் நீட்டினார்.

அவள் கெட்டிக்காரி. மருந்துப் பெயர்களைத் தலைகீழாகச் சொல்வாள். கட்டுப் போட்டால் தைத்த மாதிரி இருக்கும். ஆனால் எதிர்பாராமல் ஏதாவது நடந்துவிட்டால் மூளை யோசிப்பதற்குள் தொண்டை வேலையை முடித்துவிடும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பதினோரு முறை கத்தியிருந்தாள். இந்தக் கணக்கு பெரிய சிஸ்டருடையது.

பெரிய சிஸ்டர் என்பவர் அந்த வார்டின் தலைமை நர்ஸ். நடந்தால் செருப்புச் சத்தம் வராது. பேசினால் பக்கத்தில் போனால்தான் காதில் விழும். என்ன சொல்கிறார் என்று கேட்கப் பக்கத்தில் போனவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டவர்கள். அவருடைய கையெழுத்து இல்லாமல் வார்டு அனுமதிப் படிவம் செல்லாது. அது இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு கிடையாது. சட்டைக் கையில் நீலப் பட்டை கிடையாது. இன்றைக்கு 'அக்கா, அக்கா' என்று பின்னால் வரும் முதலாம் ஆண்டுப் பெண்களோடு அதே பெஞ்சில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டியதுதான்.

“பதினொண்ணு வரைக்கும் பொறுத்துட்டேன்” என்றார் பெரிய சிஸ்டர், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். “பன்னெண்டாவது என் காதுல விழுந்துச்சு, அந்தப் படிவத்தை நீ மறந்துடலாம்.”

அன்றைக்குப் பார்த்து அப்பா போன் செய்தார்.

“பாப்பா, நீலப் பட்டை அடுத்த மாசம்தானே?”

“பார்க்கலாம்ப்பா.”

“பார்க்கறதென்ன? மில்லுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ரம்பத்தை ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டுச் சொன்னேன்!”

முதலாளி மகன் கல்யாணத்துக்குக்கூட நிறுத்தாத ரம்பம் அது.

இந்த நேரத்தில்தான் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மாணவிகளின் மன அழுத்தத்தைக் குறைக்க இரண்டு நாள் மன உறுதிப் பயிற்சி. கீழே 'கட்டாயம் கலந்துகொள்ள வேண்டியவர்கள்' என்று ஒன்பது பெயர்கள். தேர்வுக்கு முந்தின நாள் தவறாமல் வாந்தி எடுப்பவள், பேஷன்ட் முறைத்தால் பாத்ரூமில் போய் அழுபவள், எதற்கெடுத்தாலும் நகத்தைக் கடித்துக் கடித்து இனிக் கடிக்க நகமே இல்லாதவள் என்று கல்லூரியின் மொத்தப் பதற்றத்தையும் வடிகட்டி எடுத்த பட்டியல். முதல் பெயர் சைரனுடையது. இரண்டாவது அவளுடைய அறைத்தோழி பஞ்சு. எப்போது கண்ணீர் வரும் என்று சொல்ல முடியாததால் சட்டைப்பையில் எந்நேரமும் பஞ்சு வைத்திருப்பவள்.

“மன உறுதி வந்துடுச்சுன்னா நான் அழமாட்டேனாடி?” என்று கேட்டாள் பஞ்சு.

“வராது.”

“அழுகையா, உறுதியா?”

“ரெண்டும்தான். வாடி.”

பயிற்சி மாடியில், செயல்முறை வகுப்பு அறையில் நடந்தது. அங்கே ஒரு கட்டிலில் ஆள் உயரப் பொம்மை ஒன்று ஆஸ்பத்திரி அங்கி போட்டுப் படுத்திருக்கும். ஊசி போட, துடைத்துவிட, புரட்டிப் படுக்கவைக்கப் பழகுவதெல்லாம் அதன் மேல்தான். எல்லாப் பணிவிடையையும் படுத்தபடியே வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை நன்றி சொல்லாததால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர்.

பயிற்சியாளர் வாட்டசாட்டமான ஆள். கையில் ஒரு குட்டி மணி. தூங்கும் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரியே எப்போதும் பேசுவார். முதல் அரைமணி நேரத்திலேயே அவருக்கு 'சாந்தம் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

“தோழிகளே, உலகம் உங்களை உலுக்கும். நீங்க அசையக் கூடாது. யார் என்ன சொன்னாலும், மனசுக்குள்ள ஒரே பதில்தான். அப்படியே இருக்கட்டும். எங்க, சொல்லுங்க?”

“அப்படியே இருக்கட்டும்” என்றார்கள் ஒன்பது பேரும்.

“போன வருஷம் ஒரு பயிற்சியில, என் பக்கத்துலயே மேல இருந்து ஃபேன் கழண்டு விழுந்துச்சு. நான் கண்ணைத் திறக்கல. பயிற்சி முடிஞ்ச பிறகுதான் என்ன சத்தம்னு கேட்டேன்.”

பஞ்சு ஆச்சரியத்தில் அழுதாள்.

அதன்பிறகு மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணி இழுக்க வேண்டும். நாலு எண்ணி நிறுத்த வேண்டும். ஏழு எண்ணி விட வேண்டும். முதல் நாள் முழுக்க இதுதான். சைரன் விழுந்து விழுந்து பழகினாள். கத்தல் வருகிற பாதையில் மூச்சை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிடலாம் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது. “அவசரத்தைக்கூட அன்பாச் சொல்லுங்க” என்று சாந்தம் சார் சொன்னதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள். அன்று மாலை விடுதிக் குளியலறையில் வெந்நீர் திடீரென்று கொதிக்கக் கொதிக்கக் கொட்டியபோதுகூட, “தோழி, என் முதுகு வெந்துடுச்சு” என்று மெல்லிய குரலில் பஞ்சுவிடம் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலை. சாந்தம் சார் எல்லாரையும் இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி, கண்ணை மூடி உட்காரச் சொன்னார். அடுத்தவர் மூச்சை முதுகால் உணர வேண்டுமாம். ஒன்பது பேரில் நாலு ஜோடி போக சைரன் மட்டும் மிச்சம்.

“நீ என் முன்னாடி உக்காரும்மா. நீ மட்டும் கண்ணைத் திறந்தே வச்சுக்கோ. நான் செய்வேன், நீ கவனி. என் மூச்சை மட்டும் கவனி. வேற ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். சன்னமாக மணியை ஆட்டினார். அறை அமைதியானது.

இரண்டு வருஷம் நர்சிங் படித்த பெண்ணிடம் போய் ஒருவர் தன் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருப்பினாள். எண்ண ஆரம்பித்தாள்.

ஒரு நிமிடத்துக்கு நாலு.

கடிகாரம் நின்றுவிட்டதோ என்று பார்த்தாள். முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு இருக்க வேண்டும். பத்துக்குக் கீழே போனால் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எட்டுக்குக் கீழே போனால் ஓட வேண்டும். நாலைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. நாலு வரைக்கும் விட்டு வைப்பார்கள் என்று புத்தகம் எழுதியவர் நினைக்கவில்லை போலிருக்கிறது.

மூச்சை எண்ணுவது தெரிந்தால் ஆட்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் நர்சுகள் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பார்வையை மட்டும் மார்பில் வைத்து எண்ணுவார்கள். அவளும் மெதுவாக அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தப் பெண்ணின் மனதில் என்ன பாரமோ, ஆறுதல் தேடிக் கையைப் பிடிக்கிறாளே என்று சாந்தம் சார் உருகிப்போய் இன்னும் ஆழமாகப் போய்விட்டார்.

நாடி அறுபத்து நாலு, சீராக இருந்தது. உதடு நீலமாக இல்லை. நகமும் பரவாயில்லை. மூச்சு மட்டும் இரண்டாவது நிமிடமும் நாலு.

“சார்” என்றாள்.

பதில் இல்லை.

“சார், நான் பேசறது கேக்குதா?” சொல்லிக் கொடுத்தபடி இரண்டு தோளையும் தட்டினாள்.

பதில் இல்லை. அவர் முகத்தில் ஒரு புன்னகை மட்டும் மெல்லப் பரவியது. போகிற நேரத்தில் சிலருக்கு அப்படி வரும் என்று பஞ்சு எங்கேயோ கேட்டுவந்து ஒருமுறை சொல்லியிருந்தாள்.

ஃபேன் விழுந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிற மாதிரி அவர் சொன்னது அவளுக்கும் நினைவிருந்தது. ஆனால் மூச்சு விடமாட்டேன் என்று அவர் சொல்லவில்லையே! தொண்டைக்குள் பன்னிரண்டாவது புறப்பட்டு மேலே வந்தது. பல்லைக் கடித்து அதைக் கீழே தள்ளினாள். பெரிய சிஸ்டரின் அறை சரியாக இந்த அறைக்குக் கீழே. படிவம் அங்கே மேஜை மேல் இருக்கிறது. அவள் தன் வாழ்க்கையிலேயே மிக அன்பான குரலில் திரும்பிச் சொன்னாள்.

“தோழிகளே... சாருக்கு மூச்சு குறைஞ்சுக்கிட்டே வருது.”

“அப்படியே இருக்கட்டும்” என்றாள் நகம் கடிப்பவள், கண்ணைத் திறக்காமல்.

“இல்லடி, நிஜமாவே குறையுது. நிமிஷத்துக்கு நாலுதான்.”

“எனக்கும் குறையுதுடி” என்றாள் பஞ்சு கிறக்கமாக. “ரொம்ப நல்லா இருக்கு.”

“பஞ்சு, சார் பதிலே சொல்லல.”

“அப்படியே இருக்கட்டும்” என்று எட்டுக் குரல்களும் கோயில் மணி ஓய்வது போல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி அடங்கின.

அந்த நேரம் பார்த்து சாந்தம் சார் மூச்சை இழுத்து நிறுத்தினார். மார்பு அசையவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. கத்தினால் நீலப் பட்டை போய்விடும். அப்பா மறுபடி ரம்பத்தை நிறுத்தி எல்லாரிடமும் மாற்றிச் சொல்ல வேண்டும். கத்தாவிட்டால் இந்த மனுஷன் போய்விடுவார், அதுவும் சிரித்துக்கொண்டே. மூன்று. அவருக்கும் எங்கேயோ போன் செய்து 'பார்க்கலாம்' என்று சொல்கிற பிள்ளைகள் இருக்குமே. நாலு.

கத்திவிட்டாள்.

மில் ரம்பத்தோடு பதினெட்டு வருஷம் போட்டி போட்ட குரல் அது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாலு ஜோடியும் நாலு பக்கம் உருண்டன. பக்கத்தில் ஃபேன் விழுந்தும் கண் திறக்காத சாந்தம் சார், “ஐயோ அம்மா!” என்று அவளைவிட ஒரு சுருதி மேலே கத்திக்கொண்டு எழுந்தார். கால் தடுக்கியது. கட்டிலைப் பிடித்தார். சக்கரம் வைத்த கட்டில், உருண்டது. அவரும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தபடி தரையில் விழுந்தார்கள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் இந்த முறை வண்டியைச் சந்தேகப்படவில்லை. உதவியாளரோடு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நேராக மாடிக்கு வந்தார். தரையில் இரண்டு பேர். ஒருவர் சட்டை பேன்ட்டோடு புலம்பிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஆஸ்பத்திரி அங்கியில், வெளுத்துப்போய், கூரையை வெறித்தபடி அசையாமல் கிடந்தார். அவசரத்தில் யாரை முதலில் எடுக்க வேண்டும் என்பது டிரைவருக்குத் தெரியும்.

“எவ்வளவு லேசா இருக்காரு பாருங்கண்ணே” என்றான் உதவியாளன் படியிறங்கும்போது. “பாவம், எத்தனை நாள் சாப்பிடலையோ.”

“பேசாம நட. உசிரு முக்கியம்” என்றார் டிரைவர்.

அவர்கள் எதிரே படியேறி வந்த பெரிய சிஸ்டர் ஸ்ட்ரெச்சரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டு மேலே வந்தார். யாரும் கேட்காமலே எல்லாருடைய விரலும் சைரனைக் காட்டியது.

பெரிய சிஸ்டர் முதலில் சாந்தம் சாரைக் கட்டிலில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றெழுபது.

“நாடி நூத்தி இருபது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “மூச்சு?”

“முப்பத்திரெண்டு, சிஸ்டர்” என்றாள் சைரன். அவள் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இருபது வருஷமா மன உறுதி சொல்லிக் குடுக்கறேன்” என்று சாந்தம் சார் விம்மினார். “இப்படி ஒரு சத்தத்தை நான்...”

“பேசாம படுங்க சார்.” பெரிய சிஸ்டர் திரும்பினார். “நீ சொல்லு. எதுக்குக் கத்தினே?”

“மூச்சு நிமிஷத்துக்கு நாலு, சிஸ்டர். ரெண்டு நிமிஷம் பார்த்தேன். நாடி, உதடு, நகம் எல்லாம் பார்த்தேன். கூப்பிட்டேன், தோளைத் தட்டினேன், பதில் வரல. இவங்களைக் கூப்பிட்டேன். அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க.”

பெரிய சிஸ்டர் எட்டுப் பேரையும் நிதானமாகப் பார்த்தார். “ஒரு ஆளுக்கு மூச்சு நாலுன்னு ஒருத்தி சொல்றா. நர்சிங் படிக்கற எட்டுப் பேர், அப்படியே இருக்கட்டும்னு கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தீங்க?”

பஞ்சு பஞ்சை எடுத்தாள்.

“ஏன் சார், கூப்பிட்டா பதில் சொல்லமாட்டீங்களா?”

“அதுதாங்க பயிற்சி.”

“அந்த மூச்சு எப்படி விடணும்?”

“நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, ஏழு எண்ணி...”

“மொத்தம் எவ்வளவு?” என்று பெரிய சிஸ்டர் சைரனிடம் கேட்டார்.

“பதினஞ்சு செகண்ட், சிஸ்டர்.”

“ஒரு நிமிஷத்துல எத்தனை பதினஞ்சு?”

அறையில் இருந்த ஒன்பது பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். சைரனின் வாய் திறந்தது, சத்தமில்லாமல் மூடியது.

“நாலு” என்றாள் கடைசியில். பிறகு, உண்மையை மறைக்கத் தெரியாமல், “அப்போ நேத்து முழுக்க நாங்க எல்லாருமே எமர்ஜென்சிதான், சிஸ்டர்” என்றாள்.

மற்ற எட்டுப் பேருக்கும் அன்றைக்கே தண்டனை கிடைத்தது. வார்டில் இருந்த முப்பத்திரண்டு பேஷன்ட்டுகளின் மூச்சையும் ஆளுக்கு மூன்று முறை, கண்ணைத் திறந்துகொண்டு எண்ணி எழுத வேண்டும். மாப்பிள்ளை அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து திரும்பி வந்தார். அங்கிருந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிற வரைக்கும் போய்விட்டாராம். டிரைவர் அதன்பிறகு மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. சாந்தம் சார் மதியம் வரை படுத்திருந்துவிட்டு, தன் மணியை மறந்துவிட்டுப் போனார்.

சைரனை மட்டும் பெரிய சிஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் படிவம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் சுவரைப் பார்த்தாள்.

“பன்னெண்டு” என்றார் பெரிய சிஸ்டர்.

“ஆமா, சிஸ்டர்.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மில்லில் ரம்பம் நிற்கிற சத்தம்தான் காதுக்குள் கேட்டது.

“முன்னாடி பதினோரு தடவை கத்தினியே, ஏதாவது பார்த்துட்டுக் கத்தினியா?”

“இல்ல சிஸ்டர். கத்திட்டுத்தான் பார்ப்பேன்.”

“இன்னிக்கு எத்தனை நிமிஷம் ஆச்சு?”

“ரெண்டு... ரெண்டே கால்.”

“கத்தினா கையெழுத்து கிடைக்காதுன்னு தெரியும்ல?”

“தெரியும், சிஸ்டர்.”

“அப்புறம் எதுக்குக் கத்தினே?”

“அவர் மூச்சை நிறுத்திட்டாரு, சிஸ்டர்” என்றாள். “படிவத்தை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கலாம்.”

பெரிய சிஸ்டர் படிவத்தை இழுத்துத் தன் முன்னால் வைத்தார். பேனாவை எடுத்தார். பேஷன்ட் சார்ட்டுகளைக் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றே படித்துப் பழகியவளுக்குத் தலைகீழ் எழுத்து ஒரு பொருட்டா? குறிப்பு என்ற கட்டத்தில் விழுந்த ஒவ்வொரு வரியையும் எதிரே நின்றபடியே படித்தாள்.

'குரல்: தேவைக்கு மிக அதிகம். கவனிப்பு: நன்று. கூட்டல் கணக்கு: தேற வேண்டும்.'

அதற்குக் கீழே, கோழி கிளறிய மாதிரி, அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் பயப்படுகிற கையெழுத்து.

பெரிய சிஸ்டர் தாளை நீட்டினார். அவள் வாங்கினாள். வாசல் வரை போனாள். நின்றாள். மறுபடி தாளைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“இன்னும் என்ன?”

“சிஸ்டர்...” அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னால் முடிந்த மிகச் சின்னக் குரலில் சொன்னாள். வராண்டாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “தேதி போடலை.”

பெரிய சிஸ்டர் தாளை வாங்கித் தேதியைப் போட்டார்.